வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்கிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பக்கவாதம் வந்து படுத்த அப்பாவை 6 வருடம் பார்த்துக்கொண்டேன். அதனால் தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது போன் செய்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலும் இரவு 10 மணிக்கு மேல்தான். நோயாளி தூங்கிய பிறகுதான் அவர்களுக்கும் பேச நேரம் கிடைக்கிறது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

சம்பளமில்லாப் பராமரிப்பாளர் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

நோய், முதுமை, உடல் குறைபாடு, மனநோய், இப்படி ஏதோ ஒரு காரணத்தால் தனியாகச் சமாளிக்க முடியாத ஒருவரை, கூலி வாங்காமல் தொடர்ந்து பார்த்துக்கொள்பவர். மனைவி, கணவன், மகள், மருமகள், பேரன், பக்கத்து வீட்டுக்காரர், யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, மாத்திரை கொடுப்பது எல்லாம் வெளியே தெரிகிற வேலை. தெரியாத வேலை அதைவிட அதிகம். மருந்து தீரும் முன் வாங்கி வைப்பது, காப்பீட்டுப் படிவம் நிரப்புவது, ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்குவது. "நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லையே, கூட இருக்கிறேன், அவ்வளவுதான்" என்று சொல்பவர்களும் இதில் சேர்த்திதான். அந்த ஆள் கூட இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அம்மாவைப் பார்ப்பது மகளுடைய கடமை. அதற்கு எதற்குத் தனியாக ஒரு பெயர்?

பாசத்துக்குப் பெயர் தேவையில்லை, படிவத்துக்குத் தேவை. ஆஸ்பத்திரியில் "நீங்கள் யார்?" என்று கேட்டபோது ரொம்ப நாள் நான் உறவைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பேச்சு அதோடு முடிந்துவிடும். ஒருநாள் அலுத்துப்போய், "இரவும் பகலும் இவரைப் பார்த்துக்கொள்வது நான் ஒருத்திதான்" என்றேன். அன்றுதான் மருத்துவர் நிமிர்ந்து பார்த்து, "இரவில் எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்டதில்லை.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பொறுப்பை யாரும் ஒரே நாளில் ஏற்றுக்கொள்வதில்லை. முதலில் மருத்துவரிடம் துணைக்குப் போகிறோம். பிறகு மாத்திரை டப்பா நம் கைக்கு வருகிறது, பிறகு வங்கிக் கணக்கு. ஒருநாள் பார்த்தால் கழிவறைக்கும் நாம்தான் தூக்கிப் போகிறோம். "உங்களுக்குச் சம்மதமா?" என்று இடையில் எங்கேயும் யாரும் கேட்கவில்லை. நமக்கே நாம் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளும்போதுதான், இது ஒரு வேலை, இதற்கும் லீவு வேண்டும், இதற்கும் உதவி கேட்கலாம் என்பது உறைக்கிறது.

உலகத்தில் எத்தனை பேர் இப்படி இருக்கிறார்கள்?

எண்ணிக்கையை ஒரே வரியில் சொல்லிவிட முடியாது, ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு மாதிரி எண்ணுகிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் போட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. குழந்தை வளர்ப்பு, வீட்டு வேலை, நோயாளிப் பராமரிப்பு எல்லாம் சேர்த்து, சம்பளமில்லாமல் செய்யப்படும் வேலை உலக அளவில் ஒரு நாளைக்கு 1,640 கோடி மணி நேரம். 200 கோடிப் பேர் தினமும் 8 மணி நேரம் கூலி இல்லாமல் வேலை செய்வதற்குச் சமம். இதில் நான்கில் மூன்று பங்குக்கும் சற்று மேல் பெண்கள் செய்வது. குறைந்தபட்சக் கூலி போட்டால்கூட உலகின் மொத்த உற்பத்தியில் 9 சதவீதம் வரும்.

அதே அமைப்பு 2023ஆம் ஆண்டுக்குச் சொன்ன இன்னொரு கணக்கு: இந்தப் பொறுப்புகளால் வேலைச் சந்தைக்கு வெளியே நிற்கும் பெண்கள் 70.8 கோடி, ஆண்கள் 4 கோடி. பெரிய எண்கள் மனதில் நிற்காது. ஆனால் 70.8-க்கு எதிரே 4 என்று நிற்கிறதே, அதை நான் மறக்கவில்லை.

அங்கீகாரம் என்றால் என்ன? பாராட்டா?

பாராட்டு கிடைத்துக்கொண்டேதான் இருக்கிறது. "நீ தெய்வம்மா", "உன்னை மாதிரி யார் பார்ப்பார்கள்" என்று வருகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டு 5 மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். பொறுமையின் சிகரம் என்று ஒருவரைத் தூக்கி வைத்துவிட்டால், அப்புறம் அவர் "முடியவில்லை" என்று எப்படிச் சொல்வார்? பாராட்டில் அந்தச் சிக்கல் இருக்கிறது.

நான் அங்கீகாரம் என்று நினைப்பது இன்னும் சாதாரணமான விஷயங்களை. பெயர் ஒரு பதிவேட்டில் ஏற வேண்டும். செலவான நேரம் ஒரு கணக்கில் வர வேண்டும். முடிவு எடுக்கும்போது கூப்பிட்டுக் கேட்க வேண்டும். ஒரு மணி நேரமாவது வேறொருவர் வந்து உட்கார வேண்டும்.

பிரிட்டனில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் "யாரையாவது சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்கிறீர்களா?" என்ற கேள்வியை 2001இல்தான் முதன்முதலாகச் சேர்த்தார்கள். 2021இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும் 50 லட்சம் பேர் "ஆமாம்" என்று எழுதினார்கள். கொலம்பியா 2010இல் ஒரு சட்டம் போட்டு, வீட்டுக்குள் நடக்கும் இந்த உழைப்பை நாட்டின் பொருளாதாரக் கணக்கில் அளந்து காட்ட வேண்டும் என்றது. ஐக்கிய நாடுகள் சபை 2023இல் அக்டோபர் 29ஐப் பராமரிப்புக்கான சர்வதேச நாளாக அறிவித்தது. நாள் குறிப்பது சுலபம், அதில் எனக்குப் பெரிய மயக்கம் இல்லை. கேள்வித்தாளில் ஒரு கட்டம் கிடைப்பதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். கட்டம் இருந்தால் எண்ணிக்கை வரும், எண்ணிக்கை வந்தால் பட்ஜெட்டில் வாய் திறக்க முடியும்.

இதெல்லாம் தானாக வந்ததா, யாராவது போராடினார்களா?

தானாக எதுவும் வரவில்லை. மேரி வெப்ஸ்டர் என்று பிரிட்டனில் ஒரு பெண் பாதிரியார். 1954இல் வேலையை விட்டுவிட்டு வயதான அப்பா அம்மாவைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். 1963இல் தன் நிலைமையைப் பத்திரிகைகளுக்குக் கடிதமாக எழுதினார். கல்யாணம் ஆகாத மகள் என்றால் அவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அந்தக் காலத்தில் பேசாமலே முடிவான விஷயம். அவர் எழுதியதும், அதே நிலையில் இருந்த பெண்களிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. 1965இல் அவர்களுக்கென ஒரு அமைப்பு உருவானது. பராமரிப்பாளர்களுக்கான இயக்கம் என்று இன்று சொல்வதற்கு அதுதான் தொடக்கம் என்பார்கள்.

1976இல் அந்த நாட்டில் பராமரிப்பாளர்களுக்கு ஒரு உதவித்தொகை வந்தது. ஆனால் கணவரோடு வாழும் பெண்களுக்குக் கிடையாது என்றார்கள். அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்ற எண்ணம்! ஜாக்குலின் டிரேக் என்பவர் அம்மாவைப் பார்ப்பதற்காக வேலையை விட்டவர். கல்யாணம் ஆனவர் என்பதால் அவருக்குப் பணம் மறுக்கப்பட்டது. அவர் வழக்குப் போட்டு, ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 1986இல் ஜெயித்தார். உதவித்தொகை பிறந்து 10 வருடம் கழித்துத்தான் மனைவிமார்களும் பராமரிப்பாளர்கள் என்று ஒரு அரசாங்கம் ஒப்புக்கொண்டது.

இப்போது நாடுகள் என்ன மாதிரி உதவி தருகின்றன?

நான்கு வகையாக இருக்கிறது: பணம், விடுப்பு, ஓய்வூதியம், மாற்று ஆள். எல்லாவற்றையும் ஒழுங்காகத் தரும் நாடு எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை.

ஜெர்மனியில் 1995இல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு வந்தது. வீட்டிலேயே பார்த்துக்கொள்வதாக இருந்தால் நோயாளியின் கையில் மாதப் பணம் வரும், அதை அவர் பார்த்துக்கொள்பவருக்குக் கொடுக்கலாம். இதில் எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. வாரம் குறைந்தது 10 மணி நேரம் பார்த்துக்கொள்பவருக்கு, சில நிபந்தனைகளோடு, ஓய்வூதியச் சந்தாவையும் அந்தக் காப்பீடே கட்டுகிறது. வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொள்பவர்களுக்கு உண்மையான அடி 20 வருடம் கழித்துத்தான் விழும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

ஜப்பானில் குடும்பத்தில் பராமரிப்பு தேவைப்படும் ஒருவருக்காக மொத்தம் 93 நாள் விடுப்பு, மூன்று தவணையாக எடுக்கலாம். பராமரிப்புக்காக வேலையை விடுவதற்கென்றே அவர்கள் மொழியில் தனிச் சொல் இருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பேர் அப்படி விடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் போட்ட விதிப்படி உறுப்பு நாடுகளில் வேலை செய்பவருக்கு ஆண்டுக்கு 5 வேலை நாள் பராமரிப்பு விடுப்பு உண்டு. அதற்குச் சம்பளம் தருவதா வேண்டாமா என்பது அந்தந்த நாட்டின் இஷ்டம். பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல் ஒரு வாரம், சம்பளமில்லாமல். வருடத்தில் 5 நாள் என்பது, வீட்டில் ஒருவர் ஒரே ஒரு தடவை கீழே விழுந்தால் அதைச் சமாளிக்கவே போதாது. இருந்தாலும், இல்லாததற்கு இது எவ்வளவோ மேல்.

கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டா 2020இலிருந்து வேறு வழியில் போகிறது. குடியிருப்புகளுக்குப் பக்கத்திலேயே மையங்கள் அமைத்து, ஒரு பக்கம் குழந்தையையோ முதியவரையோ பார்த்துக்கொள்கிறார்கள். இன்னொரு பக்கம் பார்த்துக்கொள்ளும் பெண் படிக்கலாம், உடற்பயிற்சி செய்யலாம், துணியை அங்கேயே துவைத்துக்கொள்ளலாம். பராமரிப்பாளருக்கு வெளியே வர நேரமில்லை என்பதைப் புரிந்துகொண்டு செய்த ஏற்பாடு இது.

பணம் வாங்கினால் பாசம் வியாபாரம் ஆகிவிடாதா?

ஆகாது. ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கிறோம், பிள்ளைகள் மேல் அவருக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்வதில்லை. இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும் இடத்தில் இல்லாதவர்கள் என்பதையும் கவனித்திருக்கிறேன்.

ஆபீஸில் சொல்லலாமா? சொன்னால் பதவி உயர்வு போய்விடுமோ?

பயம் நியாயமானது. ஆனால் சொல்லாமல் இருந்தாலும் உங்கள் நடவடிக்கையில் தெரிந்துவிடும். அடிக்கடி போன், திடீர் லீவு, மீட்டிங்கில் தூக்கம். காரணம் தெரியாதபோது அவர்களாகவே ஒரு காரணம் கற்பித்துக்கொள்வார்கள், அது உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

சொல்லும்போது நோயாளியின் முழுக் கதையும் வேண்டாம். என்ன வேண்டும் என்று சொல்லுங்கள். "செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்குத்தான் வர முடியும், மாலையில் ஈடுகட்டுகிறேன்", "பகலில் போனை எடுத்தே ஆக வேண்டும்" என்கிற மாதிரி. ஒரு மாதம் சோதித்துப் பார்ப்போம் என்று கேட்டால் மேலாளருக்கும் ஒத்துக்கொள்வது எளிது. பேசி முடித்ததை அன்றே ஒரு மின்னஞ்சலாகப் போட்டுவிடுங்கள். மேலாளர் மாறினால் வாய்ப்பேச்சும் அவரோடு போய்விடும்.

வேலையை ஒரேயடியாக விடுவதாக இருந்தால், அதற்கு முன் எடுக்காத விடுப்பு, பகுதி நேரம், வேறு பிரிவு எல்லாவற்றையும் கேட்டுத் தீருங்கள். பராமரிப்பு எத்தனை வருடம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கு "ஆறு மாதம்" என்றார்கள்.

என் உடம்பே கெட்டுப்போகிறது. இது எல்லோருக்கும் நடப்பதா?

1999இல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வு அடிக்கடி மேற்கோள் காட்டப்படும். துணையைப் பார்த்துக்கொண்டு, அதனால் மன அழுத்தத்துக்கும் ஆளான முதியவர்களுக்கு, 4 வருடத்துக்குள் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 63 சதவீதம் கூடுதலாக இருந்தது. இதை மட்டும் எடுத்துப் பயமுறுத்துவார்கள். அதே ஆய்வில், பார்த்துக்கொண்டாலும் அழுத்தம் இல்லாதவர்களுக்கு அப்படிக் கூடுதல் அபாயம் காணப்படவில்லை. ஆக, ஆளைத் தின்பது சுமையும் தனிமையும் தூக்கமின்மையும்தான். அவற்றைக் குறைக்க வழி உண்டு.

சுமையை அளக்க ஸாரிட் என்பவரின் பெயரில் 22 கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோல் இருக்கிறது. உங்கள் மருத்துவரிடம் கேட்டால் செய்து பார்ப்பார். அது இல்லாவிட்டாலும் எனக்குத் தெரிந்த சில அறிகுறிகள்: உங்கள் சொந்த மருத்துவப் பரிசோதனையை இரண்டு தடவை தள்ளிப் போட்டிருக்கிறீர்கள். முதுகுவலிக்குத் தினமும் மாத்திரை போடுகிறீர்கள். வாசலில் மணி அடித்தால் எரிச்சல் வருகிறது. கடைசியாக எப்போது சிரித்தோம் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. முதுகைப் பொறுத்தவரை ஒரே விஷயம், தூக்குவதற்கு முறை இருக்கிறது. பிசியோதெரபிஸ்டிடம் நோயாளிக்கு மட்டும் பயிற்சி கேட்காமல், "நான் இவரை எப்படித் தூக்க வேண்டும்?" என்றும் கேளுங்கள். நான் கேட்டது மூன்றாவது வருடம். அதற்குள் முதுகு போய்விட்டது.

அவர்மேல் கோபம் வருகிறது. சில நேரம் "இது முடிந்துவிடாதா" என்றுகூடத் தோன்றுகிறது. நான் கெட்டவளா?

இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்கும்போது எல்லோருக்கும் குரல் தாழ்ந்துவிடுகிறது. தூக்கமில்லாத மனிதருக்கு என்னவெல்லாமோ தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது. முடிந்துவிட வேண்டும் என்று தோன்றுவது பெரும்பாலும் அவர் போக வேண்டும் என்பதில்லை, இந்த இரவு முடிய வேண்டும் என்பதுதான்.

கோபம் வரும் நேரத்தைக் கவனியுங்கள். எனக்கு அது தினமும் மாலை, படுக்கை விரிப்பை இரண்டாவது தடவை மாற்றும்போது வரும். அந்த நேரத்துக்கு ஒரு ஆளை வரச் சொன்னதும் பாதி குறைந்தது. மனநலத்துக்கு நான் செய்துகொண்ட வைத்தியம் அவ்வளவுதான். கை ஓங்கும் அளவுக்கு வந்துவிட்டால், அவர் விழாத நிலையில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, அறையை விட்டு வெளியே வந்து கதவருகே நில்லுங்கள். 10 நிமிடம் அவர் கத்தினாலும் பரவாயில்லை. அடித்துவிட்டாலோ, உங்களையே ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினாலோ, அன்றே மருத்துவரிடமோ மனநல உதவி எண்ணிலோ சொல்லிவிடுங்கள். மறைத்தால் இரண்டு பேருக்கும் ஆபத்து.

ஓய்வு எடு, ஓய்வு எடு என்கிறார்கள். எப்படி எடுப்பது?

சொல்பவரிடமே திருப்பிக் கேளுங்கள்: "நீங்கள் எந்தக் கிழமை வருகிறீர்கள்?"

ஓய்வு என்பது முன்கூட்டியே நாள் குறிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். எப்போது கிடைக்கும் என்று தெரியாத 4 மணி நேரத்தைவிட, ஒவ்வொரு வியாழனும் நிச்சயமாக வரும் 2 மணி நேரம் மேல். பகல்நேரப் பராமரிப்பு மையம், சில நாள் தங்க வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம், மணிக் கணக்கில் வரும் உதவியாளர், உறவினர், எது கிடைத்தாலும் சரி. நெருக்கடி வந்த பிறகு தேடாமல் நன்றாக இருக்கும்போதே ஒருமுறை பழக்கிவிடுங்கள். அந்த 2 மணி நேரத்தில் மளிகை வாங்கப் போகாதீர்கள், அது ஓய்வில் சேராது.

அப்பா வெளி ஆளை உள்ளே விடவே மாட்டேன் என்கிறார்.

தன் உடம்பைத் தெரியாத ஒருவர் தொடுவதை யார்தான் விரும்புவார்கள்? முதல் நாளே குளிப்பாட்ட விடாதீர்கள். "எனக்கு உதவிக்கு வந்திருக்கிறார்" என்று சொல்லி, முதல் வாரம் துணி மடிப்பது, பேப்பர் படித்துக் காட்டுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆள், அதே நேரம் வர வேண்டும். நீங்களும் கூடவே இருந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்து அறைக்கு நகருங்கள். என் அப்பா 11 நாள் அந்தப் பையனிடம் பேசவே இல்லை. பன்னிரண்டாம் நாள் அவன் சவரம் செய்துவிட்டான். அதற்கப்புறம் என் கையால் செய்துகொள்ளவே மறுத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். என்ன கேட்க வேண்டும்?

பராமரிப்பாளரை அதிகம் கைவிடும் நேரம் இதுதான். பில் கட்டும் அவசரத்தில் ஒரு நர்ஸ் வந்து 5 நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போவார். அமெரிக்காவில் 2014இல் ஓக்லஹோமா மாநிலத்தில் ஒரு சட்டம் வந்தது, பிறகு பெரும்பாலான மாநிலங்கள் அதைப் பின்பற்றின. நோயாளி சேரும்போதே வீட்டில் பார்த்துக்கொள்பவரின் பெயரைப் பதிவு செய்ய வேண்டும், அனுப்பும் முன் அவருக்குத் தகவல் சொல்ல வேண்டும், வீட்டில் செய்ய வேண்டியதைக் கற்றுக்கொடுக்க வேண்டும். மூன்றும் சின்ன விஷயம்தான். உங்கள் ஊரில் சட்டம் இல்லாவிட்டாலும் நீங்களாகவே கேட்டு வாங்கலாம்.

கிளம்புவதற்கு முந்தின நாளே கேளுங்கள். எந்த மருந்து புதிது, எது நிறுத்தப்பட்டது, பழைய மாத்திரைகளை என்ன செய்வது? குழாய் போட்டிருந்தால் எப்போது மாற்ற வேண்டும், அடைத்துக்கொண்டால் என்ன செய்வது? படுக்கைப் புண் வராமல் எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும்? என்ன தெரிந்தால் உடனே திரும்பி வர வேண்டும், இரவில் எந்த எண்ணுக்குப் போன் செய்வது? ஒவ்வொரு வேலையையும் அவர்கள் செய்து காட்டுவதோடு விடாதீர்கள், அவர்கள் பார்க்க நீங்கள் ஒருமுறை செய்யுங்கள். சம்மதித்தால் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

"வீட்டில் பார்த்துக்கொள்ள முடியுமா?" என்று கேட்டால் யோசிக்காமல் தலையாட்ட வேண்டாம். "பகலில் முடியும், இரவில் ஆள் இல்லை" என்பது நேர்மையான பதில். அதற்கேற்ப அவர்கள் ஏதாவது யோசிப்பார்கள். நீங்கள் தலையாட்டிவிட்டால் யாரும் யோசிக்கப் போவதில்லை.

கூடப்பிறந்தவர்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

வந்த கேள்விகளில் பாதி இதுதான். நோயைவிட இதில்தான் அதிகக் கண்ணீர்.

முதலில், "உதவி செய்யுங்கள்" என்று பொதுவாகக் கேட்பதை விட்டுவிடுங்கள். ஒரு வாரம் நீங்கள் செய்வதையெல்லாம் மணி போட்டு எழுதுங்கள், இரவில் எழுந்ததையும் சேர்த்து. அதை அப்படியே எல்லோருக்கும் அனுப்புங்கள், கீழே எந்தக் குற்றச்சாட்டும் எழுதாமல். பலருக்கு உண்மையிலேயே தெரியாது. போனில் பேசும் 10 நிமிடமும் அம்மா உற்சாகமாகப் பேசுகிறார், அதை வைத்து நிலைமை பரவாயில்லை என்று முடிவு செய்கிறார்கள்.

பிறகு வேலையைப் பெயர் சொல்லிப் பிரியுங்கள். வர முடியாதவர் காப்பீடு, மருந்து ஆர்டர், பில் கட்டுவது என்று தூரத்திலிருந்தே ஏதாவது எடுத்துக்கொள்ளலாம். அதுவும் முடியாதவர் வாரம் இத்தனை மணி நேரத்துக்கு உதவியாளர் கூலியைக் கட்டலாம். செலவுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள், யார் எவ்வளவு என்று தேதியோடு. பின்னால் சொத்துப் பேச்சு வரும்போது ஞாபகத்தை நம்பிச் சண்டை போடாமல் இருக்கலாம்.

தூரத்திலிருந்து வரும் உறவினர் ஒருவர் இரண்டு நாள் தங்கி, வைத்தியம் சரியில்லை, சாப்பாடு சரியில்லை என்று குற்றம் கண்டுபிடித்துவிட்டுப் போவார். கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். அடுத்த முறை அவர் வரும்போது அந்த இரண்டு நாளும் பொறுப்பை அவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் வெளியூர் போங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

சிலர் எதற்கும் மசிய மாட்டார்கள். அவர்கள் மாறுவார்கள் என்று காத்திருக்கும் நேரத்தில் வெளியிலிருந்து உதவி தேடிவிடலாம்.

மறதி நோய் வந்த அம்மா என்னை அடையாளம் தெரியாமல் விரட்டுகிறார். இதற்கு என்ன ஆறுதல்?

மற்ற நோய்களுக்கும் டிமென்ஷியாவுக்கும் உள்ள வித்தியாசமே இதுதான். ஆள் எதிரே இருக்கிறார், ஆனால் நமக்குத் தெரிந்த ஆள் இல்லை. பாலின் பாஸ் என்ற ஆய்வாளர் இதற்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். துக்கம் உண்டு, அதை விசாரிக்க யாரும் வருவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் டிமென்ஷியாவுக்கு உலகம் செலவிட்ட 1.3 லட்சம் கோடி டாலரில் ஏறத்தாழப் பாதி, குடும்பத்தினர் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டதன் மதிப்பு. அவர்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 5 மணி நேரம் பார்த்துக்கொள்கிறார்கள்.

அம்மா சொல்வதைத் திருத்தாதீர்கள். "நீ யார்?" என்றால் "உங்களைப் பார்க்க வந்திருக்கிறேன்" என்பது போதும். உலக சுகாதார நிறுவனம் குடும்பத்தினருக்காக ஐசப்போர்ட் என்ற பயிற்சியை உருவாக்கியிருக்கிறது, கிடைத்தால் பாருங்கள்.

பள்ளியில் படிக்கும் பிள்ளையும் பராமரிப்பாளரா?

ஆமாம். அம்மாவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, தம்பியைக் கிளப்பிவிட்டுத் தாமதமாக வரும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கலாம். அவர்கள் சொல்ல மாட்டார்கள், சொன்னால் வீட்டிலிருந்து பிரித்துவிடுவார்களோ என்று பயம். இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இப்படிப்பட்ட பிள்ளைகளின் தேவையைக் கண்டறிந்து மதிப்பிடுவது உள்ளாட்சியின் பொறுப்பு. ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தாமதத்துக்குத் தண்டிக்கும் முன், "காலையில் வீட்டில் என்ன வேலை செய்தாய்?" என்று தனியாகக் கேளுங்கள்.

என் தோழி இப்படி ஒருவரைப் பார்த்துக்கொள்கிறாள். நான் என்ன செய்யலாம்?

"ஏதாவது வேண்டுமென்றால் சொல்" என்று சொல்லாதீர்கள். அதைச் சொல்லும் வேலையும் அவள் தலையில்தான் விழுகிறது. "சனிக்கிழமை 3 மணிக்கு வருகிறேன், நீ தூங்கு" என்று சொல்லுங்கள், போங்கள். நோயாளியை விசாரித்த பிறகு அவளையும் விசாரியுங்கள். அவள் வர மாட்டாள் என்று தெரிந்தாலும் விசேஷங்களுக்குக் கூப்பிடுவதை நிறுத்தாதீர்கள்.

என்னால் இனி முடியவில்லை. காப்பகத்தில் சேர்த்தால் கைவிட்டதாகுமா?

இரண்டு பேர் வேலையை ஒருவர் பல வருடம் செய்தால் ஒருநாள் முடியாமல் போகும், அது கணக்கு. சேர்த்த பிறகும் நீங்கள் பராமரிப்பாளர்தான். மருந்து சரியாகக் கொடுக்கிறார்களா, புண் இருக்கிறதா, அவருக்குப் பிடித்த பக்கம் படுக்க வைக்கிறார்களா என்று பார்க்க உங்களைவிட்டால் ஆள் இல்லை. முன்னறிவிப்பு இல்லாமல் வெவ்வேறு நேரங்களில் போய்ப் பாருங்கள். பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்: துடைப்பதும் தூக்குவதும் வேறொருவர் கைக்குப் போன பிறகுதான் மறுபடி மகனாக, மகளாக உட்கார்ந்து பேச முடிந்ததாம்.

அவர் போய்விட்டார். இப்போது நான் என்ன செய்வது?

உதவித்தொகை இருந்தால் சில வாரங்களில் நின்றுவிடும். வந்துகொண்டிருந்த நர்ஸ், பிசியோ எல்லோரும் ஒரே நாளில் நின்றுவிடுவார்கள், அதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. காலை 6 மணி மாத்திரைக்கு வைத்த அலாரம் மட்டும் அடித்துக்கொண்டிருக்கும். எனக்கு அதை அணைக்க இரண்டு மாதம் ஆனது. பிரிக்காத டயப்பர்களையும் சக்கர நாற்காலியையும் கொடுக்க ஆள் தேடுங்கள், அதே நிலையில் இன்னொரு வீடு கட்டாயம் இருக்கும். தள்ளிப் போட்ட உங்கள் பரிசோதனைகளை இப்போது செய்துகொள்ளுங்கள்.

வேலை தேடுவதாக இருந்தால் சுயவிவரத்தில் அந்த வருடங்களை வெற்றிடமாக விடாதீர்கள். "குடும்பத்தில் முழுநேரப் பராமரிப்பு, 6 ஆண்டுகள்" என்று எழுதுங்கள். மருந்து அட்டவணை, மூன்று மருத்துவர்களை ஒருங்கிணைத்தது, காப்பீட்டு நிறுவனத்தோடு பேசித் தீர்த்தது, உதவியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தது, எல்லாம் நீங்கள் செய்த வேலைதானே. நான் அப்படித்தான் எழுதினேன். நேர்காணலில் முதல் கேள்வியே அந்த வரியைப் பற்றித்தான் வந்தது. பதில் சொல்லி முடிக்க எனக்கு 20 நிமிடம் ஆனது.